நாலு கதவு ஹெரால்டுக்கு நம்மை விட்டா ஆளில்லை!

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுல பஸ்ல போயிருக்கீங்களா? பெருங்களத்தூர் வந்ததும் பளபளன்னு கண்ணாடிக் கட்டடங்களோட ஒரு ஐ.டி. வளாகம் வரும். உங்க சீனியர் யாராவது அங்கேதான் டேக் மாட்டிக்கிட்டு வேலை பார்த்துட்டு இருப்பாங்க. 'நமக்கும் கேம்பஸ்ல கிடைச்சா நல்லா இருக்குமே'ன்னு நீங்களும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீங்க.

அந்த மண்ணுல ஒரு காலத்துல கார் செஞ்சாங்க பாஸ்! சும்மா கார் இல்லை... இத்தாலிக்காரர் டிசைன் பண்ணி, இங்கிலாந்துல பிறந்து, மெட்ராஸ்ல வளர்ந்த கார். பேர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தொழிற்சாலை மூடி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா கார் இன்னும் சாகலை. காரணம், 'எங்க காரை நாங்க சாக விட மாட்டோம்'னு அடம்பிடிக்கிற சில ஓனர்கள். அவங்க கதையும், அதுல உங்களுக்கு இருக்கிற ஒரு முக்கியமான ரோலும்தான் இந்த வாரம்!

மெஸெஞ்சர் வந்த கதை

1950கள். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துல ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு ஒரு தலைவலி. புது சின்ன கார் கொண்டு வரணும். அப்போ எல்லாரும் 'மோனோகாக்' முறைக்கு மாறிட்டு இருந்தாங்க. அதாவது தனியா சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. இதுக்கு மொத்த பாடியையும் ஒரே இடத்துல செஞ்சு கொடுக்க பெரிய பிரஸ் கம்பெனி வேணும். இவங்களுக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிப் போட்டுடுச்சு. அடுத்த வீட்டுக்காரன் நம்ம கிணத்தை வாங்கின மாதிரி!

இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 'போங்கடா'ன்னு பழைய முறைக்கே போனாங்க. கீழே தனி சேஸிஸ். மேலே பாடியைத் துண்டு துண்டா வேற வேற தொழிற்சாலையில செஞ்சு, போல்ட் போட்டு முடுக்கறது. டிசைனுக்கு இத்தாலியில இருந்து ஜியோவானி மிக்கெலாட்டி. 1959 ஏப்ரல்ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல கார் அறிமுகம். 'ஹெரால்டு'ன்னா செய்தி சொல்லும் தூதுவன்னு அர்த்தம். ஆனா பேர் வந்தது கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அலிக் டிக் வெச்சிருந்த படகோட பேர்ல இருந்து!

காரைப் பார்த்தவங்க அசந்து போனாங்க. முன்பக்கம் மட்கார்டோட சேர்த்து மொத்த பானெட்டும் முன்னாடி கவிழும். முன் டயர் மேலயே ஜம்முன்னு உட்கார்ந்துக்கிட்டு இன்ஜின்ல கை வைக்கலாம். 25 அடி வட்டத்துக்குள்ள முழுசா திரும்பிடும். மயிலாப்பூர் சந்துல கூட ரிவர்ஸ் எடுக்காம திருப்பலாம்னு வெச்சுக்குங்களேன்!

அங்கே 1971 வரைக்கும் ஹெரால்டு வந்துச்சு. எல்லா ரகமும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல.

மெட்ராஸ் மாப்பிள்ளை

இதே நேரம் நம்ம ஊருக்கு வாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் 'வெறுமனே வெளிநாட்டு பார்ட்ஸை வெச்சு முடுக்கறவங்களுக்கு இடம் இல்லை, இங்கேயே படிப்படியா தயாரிக்கறவங்க மட்டும் இருங்க'ன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களில் மூட்டை கட்டிட்டாங்க. இருந்தவங்கள்ல ஒருத்தர், கவென்ட்ரி கம்பெனியோட கூட்டு வெச்சிருந்த மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதல்ல வான்கார்டு, அப்புறம் சின்ன சின்ன ஸ்டாண்டர்டு கார்கள். 1961-ல ஹெரால்டு!

இங்கிலாந்துல அது 'ட்ரையம்ப் ஹெரால்டு'. இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. இதுல ஒரு காமெடி இருக்கு. அந்தக் கம்பெனி ஆரம்பிச்சப்போ 'ஸ்டாண்டர்டு'ன்னா உயர்ந்த தரம்னு அர்த்தம். போகப் போக 'ஸ்டாண்டர்டு'ன்னா 'வேற எந்த வசதியும் இல்லாத சாதா மாடல்'னு ஜனங்க எடுத்துக்க ஆரம்பிச்சாங்க. அதனால 1963-ல இங்கிலாந்து அந்தப் பேரையே கைவிட்டுடுச்சு. மெட்ராஸ் மட்டும் விடலை. 1988 வரைக்கும் அந்தப் பேரைத் தாங்கிப் பிடிச்சது நம்ம ஊர்தான்.

கால் அகட்டிய கார்!

சரி, குறையே இல்லாத காரான்னு கேட்டா, அதெல்லாம் இல்லை. ஹெரால்டோட பின்பக்கம் 'ஸ்விங் ஆக்ஸில்'. குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் பட்டை. ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். பள்ளத்துல சொகுசு. ஆனா வளைவுல ரொம்ப வேகமா போனா பின்சக்கரம் உள்பக்கமா மடங்கப் பார்க்கும். பின்னாடி வெயிட் ஏத்தினா சக்கரம் ரெண்டும் கீழ்ப்பக்கம் அகண்டு நிக்கும்.

இங்கிலாந்துல ரெண்டு பேர் போற கார். இங்கே? தாத்தா, பாட்டி, அத்தை, நாலு பசங்க, கல்யாண சீர்வரிசைத் தட்டு! பாவம், ஹெரால்டு கால் அகட்டிக்கிட்டே ஓடுச்சு. இதுல கதவு வேற ரெண்டே ரெண்டு. முன் சீட்டை மடிச்சு, புடவையை ஒதுக்கி, பாட்டியைப் பின் சீட்டுக்கு அனுப்பறதுக்குள்ள முகூர்த்த நேரம் முடிஞ்சுடும். அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் நாலு கதவு.

இங்கேதான் மெட்ராஸ் இன்ஜினீயர்கள் ஸ்கோர் பண்ணாங்க. 1960களின் பிற்பகுதியில ஹெரால்டுக்கு நாலு கதவு வெச்சாங்க! கவென்ட்ரியிலேயே இல்லாத மாடல். அங்கே ரெண்டு கதவு சலூன், கூபே, ஓப்பன் டாப், எஸ்டேட், அவ்வளவுதான். நாலு கதவு ஹெரால்டு உலகத்துலேயே இந்தியாவுல மட்டும். அதையே அடிப்படையா வெச்சு முகத்தை மாத்தி, கால் அகட்டற ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிட்டு சாதாரண ஆக்ஸில் போட்டு, 1972-ல வந்ததுதான் 'கெஸல்'. அது 1977 வரைக்கும் ஓடுச்சு.

இந்த நாலு கதவை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில வேலை இருக்கு.

பார்ட்ஸ் ஏறிச்சு கப்பல்

அப்புறம் சோகப் படலம். 1985-ல இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரை எடுத்து 'ஸ்டாண்டர்டு 2000'ன்னு ஆடம்பரமா இறக்கினாங்க. பார்க்க ராஜா. ஆனா உள்ளே இருந்தது பழைய வான்கார்டு வம்சத்து இன்ஜின். விலை அதிகம், வேகம் கம்மி. மாருதி வந்து மார்க்கெட்டையே புரட்டிப் போட்ட நேரம். 1988-ல தொழிற்சாலை நின்னு போச்சு.

பூட்டின கேட்டுக்குள்ள புத்தம் புது பார்ட்ஸ் பேக்கிங் கூட பிரிக்காம வருஷக்கணக்கா தூங்கிச்சு. 2006-ல எல்லாம் ஏலத்துக்கு வந்துச்சு. யாரும் பயன்படுத்தாத அந்த எஸ்.டி.1 பார்ட்ஸை மொத்தமா யார் வாங்கினாங்க தெரியுமா? பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு ஸ்பேர் விக்கிற ஒரு இங்கிலாந்துக் கம்பெனி!

யோசிச்சுப் பாருங்க. நமக்கு அது காயலாங்கடை சரக்கு. அவங்களுக்கு அது புதையல். ஒரே இரும்புதான். என்ன வித்தியாசம்? அங்கே அந்தப் பார்ட்ஸுக்காகக் காத்துட்டு இருந்த ஓனர்கள், கிளப் கிளப்பா சேர்ந்து நின்னாங்க.

அங்கே எப்படிக் காப்பாத்தறாங்க?

ஹெரால்டு நின்னு ஆறே வருஷத்துல, 1977-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது 'ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்'. ஹெரால்டு, அதே சேஸிஸ் குடும்பத்துல வந்த விட்டெஸ், ஸ்பிட்ஃபயர், ஜி.டி.6 எல்லாத்துக்கும் இதுதான் தாய் வீடு. லெஸ்டர்ஷயர்ல லப்பன்ஹம்ங்கற கிராமத்துல தலைமையகம். 'கூரியர்'னு சொந்தப் பத்திரிகை. சொந்தமா ஸ்பேர் பார்ட்ஸ் கடை!

இன்னொண்ணு 'கிளப் ட்ரையம்ப்'. 1966-ல ஒரு ரவுண்டு ஆரம்பிச்சாங்க. பிரிட்டன் முழுக்க, வடகோடி ஜான் ஓ'க்ரோட்ஸையும் தென்மேற்குக் கோடி லேண்ட்ஸ் எண்டையும் தொட்டு, சுமார் 2,000 மைல். 48 மணி நேரத்துல முடிக்கணும். பழைய காரை கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பொட்டு வெக்கறதில்லை அவங்க வழக்கம். ஓட்டிக் காட்டறதுதான்!

சரி, கம்பெனியே இல்லாதப்போ பார்ட்ஸ் எங்கேர்ந்து வரும்? இதுதான் கிளப்போட மேஜிக். ஒரு உதாரணம் பார்ப்போம். உங்க காருக்கு கதவு ரப்பர் வேணும். அச்சு செய்ய 20,000 ரூபாய் ஆகும்னு வெச்சுக்குவோம். தனி ஆளா போனா, ஒரு ரப்பருக்கு 20,000! பட்டறைக்காரர் சிரிச்சே அனுப்பிடுவார். நாற்பது பேர் சேர்ந்து போனா? தலைக்கு 500. அச்சும் கிளப் கையில இருக்கும். பத்து வருஷம் கழிச்சு இன்னொருத்தர் கேட்டாலும் ஊத்திக் கொடுக்கலாம். கிளப்புங்கறது டீ, சமோசா, குரூப் போட்டோ மட்டும் இல்லை. பல பேரோட தேவையை ஒரே ஆர்டராக்கற கணக்கு.

இன்னொரு விஷயமும் கவனிங்க. 'காலாவதியான டெக்னிக்'னு 1959-ல கிண்டலடிச்ச அந்தத் தனி சேஸிஸ்தான் இன்னிக்கு ஹெரால்டைக் காப்பாத்துது! மோனோகாக் கார்ல அடிப்பாகம் துரு பிடிச்சா கதை கந்தல். ஹெரால்டுல போல்ட்டைக் கழட்டி, பாடியைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, சேஸிஸை வெல்டிங் பண்ணி, பெயின்ட் அடிச்சு, திரும்ப உட்கார வைக்கலாம். அவமானமா சொன்ன விஷயமே ஆயுசா மாறிடுச்சு. அரியர்ஸ் வெச்சிருக்கற நண்பர்கள் நோட் பண்ணிக்குங்க!

வில்லன் நம்பர் 1: பெட்ரோல்

இன்னிக்கு ஹெரால்டு ஓனரோட தூக்கத்தைக் கெடுக்கறது பெட்ரோல் பங்க். இது புதுசும் இல்லை. 2000-ல நம்ம நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினாங்க. நம்ம நுரையீரலுக்கு நல்லது. ஆனா பழைய இன்ஜின்ல வால்வு போய் உட்கார்ற இடத்துக்கு ஈயம் ஒரு மெத்தை மாதிரி. அது போனதும் வால்வு சீட் தேய ஆரம்பிச்சுது. கெட்டியான சீட் வளையம் போட்டு சமாளிச்சாங்க.

இப்போ எத்தனால். 2023-ல ஆரம்பிச்சு 2025-க்குள்ள நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிடுச்சு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப்புல இருக்கற டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாத்தையும் மெல்ல அரிக்கும். குழாய் வெடிச்சு சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. பிரிட்டன்ல 2021 செப்டம்பர்ல 10 சதவீத எத்தனால் வந்தப்போ, கிளப்புகள் முந்திக்கிட்டு 'எந்தக் குழாயை மாத்தணும், எந்தப் பெட்ரோல் போடணும்'னு உறுப்பினர்களை உஷார் பண்ணிச்சு. கிளப் இல்லாத ஓனருக்கு இது எப்போ தெரியும்? புகை வந்த அப்புறம்!

வில்லன் நம்பர் 2: பேப்பர்

அடுத்தது ஆர்.சி. புக். 15 வருஷம் தாண்டின காருக்கு பதிவைப் புதுப்பிக்கற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. இன்னொரு பக்கம், 2021 ஜூலையில மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்குன்னு தனி விதி போட்டுது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெருசா மாத்தாம ஒரிஜினலா இருக்கணும். அப்படின்னா 'வி.ஏ.' எழுத்து போட்ட தனி நம்பர் பிளேட். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு செல்லும்.

ஹெரால்டு எல்லாமே 50-ஐத் தாண்டியாச்சு. அப்போ ஜாலிதானே? கொஞ்சம் பொறுங்க. விண்டேஜ் பதிவு வாங்கினா தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான் ரோட்டுல இறங்கலாம். 'தாத்தா கார்ல காலேஜ் போவேன்'னு கனவு கண்டா, சாதாரண பதிவையே புதுப்பிச்சுக்கணும். எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, ஏற்கனவே அந்த வழியில போன ஒரு ஓனர்கிட்ட கேட்கணும். அதுக்கும் கிளப்தான்!

இப்போ நாலு கதவு மேட்டருக்கு வருவோம்

உங்க தெருவுல ஒரு ரெண்டு கதவு ஹெரால்டு இருந்தா, அதுக்கு வேண்டிய பார்ட்ஸ்ல பலதை காசு இருந்தா இங்கிலாந்துல இருந்து வரவழைச்சுடலாம். ஆனா நாலு கதவு ஹெரால்டு? அதோட பின் கதவை கவென்ட்ரி செஞ்சதே இல்லை. அந்தக் கதவோட கண்ணாடி, ரப்பர், பாடி தகடு எதுவும் எந்த வெளிநாட்டு கிளப் கடையிலயும் இருக்காது. கெஸலுக்கும் இதே கதிதான். பெருங்களத்தூர் செஞ்சது... பெருங்களத்தூர் மூடியாச்சு.

அதாவது, புதுப்பேட்டையில ஒரு நாலு கதவு ஹெரால்டை வெட்டும்போது உலகத்துல இருக்கற கணக்குல ஒண்ணு குறையுது. திரும்ப வராது. இங்கிலாந்துக்காரன் காப்பாத்த மாட்டான். அவன்கிட்ட இல்லவே இல்லையே! இதைக் காப்பாத்த உலகத்துலேயே ஆள் நாமதான்.

கார் மட்டும் இல்லை. 1971-ல இருபது வயசுல ஹெரால்டு கார்புரேட்டர் டியூன் பண்ண மெக்கானிக் இன்னிக்கு 70-ஐத் தாண்டியிருப்பார். கம்பெனி புஸ்தகத்துல இல்லாத விஷயமெல்லாம் அவர் விரல் நுனியில இருக்கு. எந்த போல்ட்டை முதல்ல தளர்த்தணும், எந்த சத்தத்துக்கு எந்த பேரிங்... அவர் பட்டறையை மூடற அன்னிக்கு, அதுவும் சேர்ந்து மூடிடும்.

நீங்க என்ன பண்ணலாம்?

'பாஸ், என்கிட்ட சைக்கிளே செகண்ட் ஹேண்ட். இதுல ஹெரால்டு எங்கே?'ன்னு கேட்கறீங்களா? கார் வேண்டாம். படிப்பு போதும்.

மெக்கானிக்கலா? உங்க காலேஜ் லேப்ல 3டி ஸ்கேனர் இருக்கா பாருங்க. நாலு கதவு ஹெரால்டோட ஒரு பின் கதவு ரப்பரையோ கண்ணாடி ஃப்ரேமையோ அளந்து வரைபடம் போடறதே அட்டகாசமான ஃபைனல் இயர் புராஜெக்ட். அந்த வரைபடம் இருந்தா கோவையில ஏதாவது ஒரு பட்டறை செஞ்சு கொடுத்துடும்.

விஸ்காமா? வயசான மெக்கானிக்கை உட்கார வெச்சு, அவர் கை வேலை செய்யறதை க்ளோஸப்ல ஷூட் பண்ணுங்க. முகத்தை விட கைதான் முக்கியம்!

சட்டமா? விண்டேஜ் விதியை எளிய தமிழ்ல ரெண்டு பக்கமா எழுதிக் கொடுங்க. ஓனர்கள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க.

காமர்ஸா? கிளப்புக்கு முதல்ல தேவைப்படறது பொருளாளர். நிறைய கிளப் உடைஞ்சது இன்ஜின் கோளாறால இல்லை, கணக்கு கோளாறால!

எல்லாருக்கும் பொதுவா ஒரு வேலை: உங்க ஊர்ல எங்கேயாவது தென்னை மரத்தடியில, ஷெட்டுல, சாக்குப் போட்டு மூடின ஒரு ஹெரால்டோ கெஸலோ இருந்தா, ஓனர்கிட்ட அனுமதி கேட்டு சேஸிஸ் நம்பர் தகட்டை போட்டோ எடுத்து ஒரு நோட்டுல எழுதுங்க. எந்த வருஷம், எத்தனை கதவு, என்ன நிறம், ஓடுதா இல்லையா. உலகத்துல எந்த ஓனர்ஸ் கிளப்பும் இப்படி ஒரு பட்டியல்ல இருந்துதான் ஆரம்பிக்குது. எத்தனை இருக்குன்னே தெரியாததை எப்படிக் காப்பாத்தறது?

இதெல்லாம் எதுக்கு?

நியாயமான கேள்விதான். ஹெரால்டுல ஏர்பேக் கிடையாது. புகையைச் சுத்தம் பண்ற கருவி கிடையாது. இன்னிக்கு உங்க பாக்கெட்ல இருக்கற போனுக்கு இருக்கற புத்தி கூட அதுக்குக் கிடையாது. தினமும் அதுலதான் போகணும்னு யாரும் சொல்லலை.

ஆனா ஒண்ணு. 'இந்தியாவுல யார் புதுசா யோசிச்சாங்க, வெளிநாட்டுல இருந்து காப்பிதானே அடிச்சாங்க'ன்னு கேன்டீன்ல யாராவது பேசும்போது, 'ஒரு நிமிஷம்'னு கூட்டிட்டுப் போய் ஒரு நாலு கதவு ஹெரால்டைக் காட்டலாம். பாட்டி வசதியா உட்காரணுமேன்னு மெட்ராஸ்ல யாரோ ஒருத்தர் டிராயிங் போர்டு முன்னாடி நின்னு யோசிச்சதுக்கு சாட்சி அந்தப் பின் கதவு. புஸ்தகத்துல படிக்கறது வேற. அந்தக் கதவைத் திறந்து மூடறது வேற!

கடைசியா ஒரு விஷயம். அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல இன்னும் கொஞ்ச தூரம் போனா மறைமலை நகர். அங்கே ஃபோர்டு தொழிற்சாலையில 2022-ல கார் தயாரிப்பு நின்னுச்சு. உங்க அப்பா ஆசை ஆசையா வாங்கின ஐகான் இனிமே வராது. இன்னிக்கு அது 'பழைய வண்டி'. நாளைக்கு உங்க பையன் அதுக்கு ஒரு டெயில் லேம்ப் தேடி அலைவான். அப்போ அவனுக்கு பதில் சொல்ல ஒரு கிளப் இருக்குமா?

ஹெரால்டை வெச்சுப் பழகிக்குங்க. முதல்ல அந்த சாக்கைத் தூக்கிப் பாருங்க... கதவு நாலா, ரெண்டான்னு!